மலைக்கு எந்த சைக்கிள்? கோத்தகிரியிலிருந்து பதில்கள்

கோத்தகிரியில் பல வருஷமாக சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஞாயிறு வந்தால் தூரப் பயணம். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், எல்லாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, குன்னூரில் வீடு, ஊட்டியில் வேலை. 21 கியர் சைக்கிள் போதுமா?

கியர் எண்ணிக்கையை விடுங்கள். முன்னால் இருக்கும் மிகச் சின்ன பல்சக்கரத்திலும் பின்னால் இருக்கும் மிகப் பெரியதிலும் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் 28 என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று, அதாவது 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிமிஷத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வரும், செங்குத்தான இடத்தில் நம்மைப் போன்றவர்கள் நாக்கு தள்ளாமல் போகிற வேகம் அதுதான். அதுவே முன்னால் 42, பின்னால் 28 என்றால் அதே மிதிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஏற்றத்தில் முடியாது, மிதி மெதுவாகும், பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். சாதாரண 21 கியரில் பெரும்பாலும் முன்னால் 28 அல்லது 24 பல் இருக்கும், அதனால் உங்களுக்கு அது தாராளம். காலையில் சுமார் 400 மீட்டர் ஏற்றம், சாயந்திரம் வீட்டுக்கு இறக்கம். கொடுத்து வைத்தவர். ஆனால் அந்த நேரத்துக்கு மூடுபனி இறங்கிவிடும், முன்னும் பின்னும் விளக்கு, முழு மட்கார்டு இல்லாமல் வாங்காதீர்கள். அப்புறம், பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

சார், முன்னாடி ஷாக் வேண்டுமா?

வேண்டாம். மலிவான ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) என்பது இரண்டு கிலோவுக்கு மேல் இரும்பு, ஏறும்போது நீங்கள் மிதிப்பதில் கொஞ்சத்தை அது சாப்பிடும். அந்தக் காசில் 38, 40 மில்லிமீட்டர் அகலத்தில் நல்ல டயர் போடுங்கள்.

டிஸ்க் பிரேக் அவசியமா, ரிம் பிரேக் போதாதா?

வந்ததிலேயே உருப்படியான கேள்வி. ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும், டிஸ்க் பிரேக் சக்கர நடுவில் இருக்கும் தட்டைப் பிடிக்கும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறங்குவது 1,400 மீட்டருக்கு மேல். ஆரம்ப காலத்தில் ரிம் பிரேக் சைக்கிளில் பயந்து பயந்து, வழி முழுக்கப் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினேன். குஞ்சப்பனை தாண்டியதும் ரப்பர் தீய்ந்த வாடை. நிறுத்தினேன். முட்டாள்தனமாக ரிம்மைத் தொட்டேன், விரல் நுனி கொப்பளித்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைப்பதற்குள் டியூப் படாரென்று வெடித்தது, பக்கத்துச் சுவரில் இருந்த குரங்குகள் எல்லாம் சிதறி ஓடின. ஓடும்போது வெடித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போனால் சூடு ரிம்மில் ஏறி டியூபுக்குப் போகிறது. நேர்ப்பாதையில் கையை விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், மறுபடி விடுங்கள். டிஸ்க்கில் சூடு டயருக்குப் போகாது, மழையிலும் பிடிக்கும், அதனால் புதிதாக வாங்குகிறவர் டிஸ்க்கே வாங்கலாம். அதன் கட்டையும் தேயும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

எந்தக் கம்பெனி நல்லது?

பல்லை எண்ணுங்கள், கட்டையைப் பாருங்கள். கம்பெனி அப்புறம்.

கல்லட்டி வழியாக மசினகுடி போகலாமா?

36 கொண்டை ஊசி வளைவு, கீழே யானைக்காடு. தனியாக வேண்டாம். மற்றதை வனத்துறையிடம் கேளுங்கள்.

தம்பி, கியரே இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஓட்டிக்கொண்டு இறங்கிய ஆள் நான். இவ்வளவு கணக்கு எதற்கு?

ஐயா, அந்தப் பழைய சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடும். தள்ளாமல் என்ன செய்ய முடியும்?

இதற்குக் கோயம்புத்தூர் தம்பி ஒருவர், "தள்ளினால் அது சைக்கிள் ஓட்டுவதே இல்லை, நடைப்பயிற்சி" என்று எழுத, ஐயா "உன் வயசில் நான் சைக்கிளோடு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கையும் தள்ளினேன்" என்று திருப்பிக் கொடுக்க, அப்புறம் ஊட்டிக்காரர்களும் புகுந்து நேற்று ராத்திரி பூராவும் இதே கதை. நான் ஐயா பக்கம். ஆடாக்ஸ் என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய தூர சைக்கிள் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள். பிரான்சில் நடக்கும் அப்படிப்பட்ட பயணமான பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ் 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அங்கெல்லாம் நேரத்துக்குள் வந்து சேர்ந்தாயா என்பதுதான் கணக்கு, நடுவில் இறங்கித் தள்ளினால் யாரும் உன்னைத் திருப்பி அனுப்புவதில்லை. ரொம்பச் செங்குத்தான இடத்தில் மிதித்தால் மணிக்கு ஐந்து, தள்ளினால் நான்கு. அந்த ஒரு கிலோமீட்டருக்காக முட்டியைக் கொடுப்பாயா தம்பி?

அண்ணா, மலைக்கு எந்தக் கம்பெனி சைக்கிள்...

மேலே படியுங்கள்.

பழைய சைக்கிள் வாங்கலாமா?

வாங்கலாம். செயின் நீண்டிருக்கிறதா, சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, பிரேமில் விரிசல் இருக்கிறதா, பாருங்கள். பிரேக் கட்டையை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

பிராண்ட் எது...

போதும், இன்றைக்கு இவ்வளவுதான். ஐயா, உங்கள் கம்பி பிரேக்குக்குக் கட்டை கிடைக்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, சண்டையில் யாரும் கவனிக்கவில்லை. என்னிடம் இரண்டு ஜோடி இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வாருங்கள், தள்ளிக்கொண்டே வாருங்கள்.