நானோ என்ற பெயருக்காக மட்டும் சேர்க்காதீர்கள்

அம்மா, உங்கள் மெசேஜ் படித்தேன். பெண் பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு, செடிக்கு நானோ துகள் கொடுத்து மருந்துச் சத்தைக் கூட்டுகிற ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். நீங்கள் பி.எட். சேர்த்துவிட்டால் நிம்மதி என்கிறீர்கள். முதலில் அவள் சொல்வது என்னவென்று பார்ப்போம்.

வாசலில் பூக்கிற நித்தியகல்யாணி இருக்கிறதே, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் அதன் இலையிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். செடி இதையெல்லாம் நமக்காகவா செய்கிறது? பூச்சி, பூஞ்சையிடமிருந்து தப்பிக்கத்தான். அதனால் ஆய்வகத்தில் வளர்க்கும் வேரிலோ திசுவிலோ 100 நானோமீட்டருக்கும் சிறிய வெள்ளி, துத்தநாக ஆக்சைடு மாதிரித் துகள்களைத் துளியூண்டு சேர்த்து, ஏதோ எதிரி வந்துவிட்டான் என்று அதை ஏமாற்றுகிறார்கள், அது பதறிப்போய் மருந்துப் பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் தரும் செடியின் வேரில் வெள்ளி-சிலிக்கா துகள் கொடுத்து கிட்டத்தட்ட 4 மடங்கு எடுத்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அளவு கொஞ்சம் தாண்டினால் வேரே கருகிவிடும், வேலையின் கஷ்டமெல்லாம் அங்கேதான்.

சரி, வேலை? நானோ துகள் போடத் தெரிந்தவர் தேவை என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. இதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆராய்ச்சி செய்கிறவள் திசு வளர்ப்பும், எச்.பி.எல்.சி. கருவியில் ஒரு சாற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதும் கற்றாக வேண்டும், இந்த இரண்டுக்கும் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனிகளிலும் மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டிலும் திசு வளர்ப்பு வாழைக்கன்று உற்பத்தியிலும் ஆள் எடுக்கிறார்கள்.

அதனால் எம்.எஸ்சி. தாவரவியலிலேயே சேருங்கள், நானோவைப் புராஜெக்டாக எடுத்துக்கொள்ளட்டும். புதுப்புதுப் பெயரில் வரும் பட்டம் வேண்டாம், டி.ஆர்.பி.க்கு, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு, விண்ணப்பிக்கும்போது அது தாவரவியலுக்கு இணைதானா என்று கேட்பார்கள், இணைதான் என்று சொல்லும் அரசாணையைத் தேடி ஒரு வருஷம் அலைந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். எம்.எஸ்சி.க்கு அப்புறம் பி.எட். முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வே எழுதலாம், ஆகவே உங்கள் திட்டமும் எங்கும் போய்விடாது. நடுவில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டாள் என்றால் முனைவர் பட்டம் படிக்க முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் வரும், உங்களிடம் கையேந்த மாட்டாள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டு, எச்.பி.எல்.சி. எங்கே என்று கேளுங்கள். துணி போட்டு மூடி வைத்திருந்தால், கடைசியாக அதை ஓட்டிய மாணவர் யார் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.