ஆறாம் வகுப்பில் பெயிலானவரின் மீதிக் கதை

ஸ்ரீராமபுரம் ஐயாவுக்கு வணக்கம்.

"காலேஜே வேண்டாம், மாவுக் கடையையே பார்த்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று உங்கள் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். தம்பியிடம் பேசினேன். அவன் கையில் இருக்கிற ஆயுதம் ஒன்றே ஒன்று: "ஐடி ஃப்ரெஷ் முஸ்தபா ஆறாங்கிளாஸ் பெயில்."

இட்லி, தோசை மாவை பாக்கெட்டில் விற்கும் ஐடி ஃப்ரெஷ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான முஸ்தபாவைச் சொல்கிறான். பெயில்தான், பொய்யில்லை. வயநாட்டில் கூலி வேலை செய்தவரின் மகன். பெயிலானதும் அப்பாவோடு தோட்ட வேலைக்குப் போனார். தம்பி பார்க்கும் வீடியோக்கள் அங்கிருந்து ஒரே தாவலாகக் கோடிகளுக்குப் போய்விடுகின்றன. நடுவில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கணக்கு வாத்தியார் அவரைத் திரும்பப் பள்ளிக்கு இழுத்து வந்தார். அப்புறம் கோழிக்கோட்டில் பொறியியல், வெளிநாட்டு வேலை, இங்கே பெங்களூரு பன்னர்கட்டா ரோடு ஐஐஎம்மில் மேலாண்மைப் படிப்பு. கம்பெனி தொடங்கியது 2005இல். அவர் முழுநேரமாக அதற்குள் வந்தது ஐஐஎம் படிப்பை முடித்த பிறகு.

இதை உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு அவனை மடக்கிவிட வேண்டாம். கதையில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த மாவு யோசனை ஐஐஎம்மில் பிறக்கவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் பெங்களூரில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பையில் மாவு விற்பதையும், அதில் வரும் புகார்களையும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். முதல் சமையலறை ஏறக்குறைய 50 சதுர அடி. ஒரு நாளைக்கு 100 பாக்கெட் விற்கவே மாதக்கணக்கில் ஆனது. கடை அனுபவமும் படிப்பும் ஒரே குடும்பத்தில் இருந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். உங்கள் வீட்டில் கடை அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து அடுத்தவர் கிரைண்டரில் மாவு அள்ளிய காலத்திலிருந்தே.

பெங்களூரின் பழைய டிபன் ஹோட்டலான எம்.டி.ஆரையும் நினைத்துப் பாருங்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய கடை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஹோட்டல் பண்டங்களுக்கு அரசு விலை நிர்ணயித்தபோது கட்டுப்படியாகவில்லை. பாக்கெட் மாவு, மசாலா என்று வேறு தொழிலுக்குள் இறங்க வேண்டியதாயிற்று. அடுப்படி அத்தனை தெரிந்த குடும்பத்துக்கே அது புதுப் பாடம்.

சரி, உங்கள் கடைக்கு என்ன பாடம் தேவை? தம்பியே சொன்னான்: மே மாதம் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி, கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள், டிசம்பர் குளிரில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. உப்புவதற்குக் காரணம் லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் விடும் கரியமில வாயு. இது சகுனமும் இல்லை, கைராசியும் இல்லை, படித்தால் பிடிபடும். இதைச் சொன்னதும்தான் பையன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பி.யூ.சி.யில் (பிளஸ் டூவில்) அறிவியல் பிரிவு என்பதால் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் அவனுக்குப் பொருந்தும். சேர்க்கை ஜேஇஇ மெயின் மதிப்பெண்ணை வைத்து. அது கிடைக்காவிட்டால் இங்கேயே பி.எஸ்சி. வேதியியலோ நுண்ணுயிரியலோ படிக்கட்டும். பிறகு மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐயில் எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பத்துக்கு முயலலாம். அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. எந்தெந்தப் பட்டம் செல்லும் என்பதை இப்போதே பார்த்து வைக்க வேண்டும். வணிகவியலுக்கு மாறுகிறேன் என்றாலும் நான் தடுக்க மாட்டேன். 2020இல் கர்நாடகத்தில் பரோட்டாவை ரொட்டிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லி 18 சதவீத ஜிஎஸ்டி என்றார்கள். வரி ஆணையத்திடம் விளக்கம் கேட்டுப் போனதும் இதே ஐடி ஃப்ரெஷ்தான். 2025 செப்டம்பரில் அந்த வரி பூஜ்யமாயிற்று. அந்த ஐந்து வருடம் கணக்குப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பொறியியல் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், சொல்லிவிடுகிறேன், நான் அவன் பக்கம்.

ஒரு வார்த்தையை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். "நான் பட்ட கஷ்டம் உனக்கு வேண்டாம்." நீங்கள் பாசத்தில் சொல்கிறீர்கள். அப்பா செய்கிற வேலை கேவலம் என்று அவரே நினைக்கிறார் என்பதாக அவன் காதில் விழுகிறது. கடை மேல் அவனுக்கு இவ்வளவு ரோஷம் வந்ததே அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. விடுமுறையில் கடைக்கு வந்தால் மற்ற பையன்களுக்குக் கொடுக்கிற கூலியை அவனுக்கும் எண்ணிக் கொடுங்கள். உப்பித் திரும்பும் பாக்கெட் கணக்கு முழுவதையும் அவனிடமே விடுங்கள்: எந்தக் கடை, எந்தத் தேதி, பிரிட்ஜில் வைத்தார்களா, வெளியே வைத்தார்களா என்று.

ஞாயிறு மதியம் கடை சாத்தியதும் மூன்று பேருமாக வாருங்கள். அம்மாவை விட்டுவிட்டு வர வேண்டாம்; வரவு செலவு நோட்டு அவரிடம்தான் இருக்கிறதாம்.