மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் 'உறுதியாகச் சொல்ல முடியாது, 3 மாதத்தில் மறுபடி எடுக்கவும்' என்று வந்திருக்கிறது. அதுவரை எப்படி இருப்பது?

டொக்டரிடம் காட்ட முன்னமே கவரைப் பிரித்து வாசித்துவிட்டீர்கள், அப்படித்தானே? நானும் வாசித்தேன். கிருலப்பனையில் 138 பஸ் வரும்வரை நின்றுகொண்டு, வெயிலில் தாளைத் தூக்கிப் பிடித்து. 'இன்டிடர்மினேட்', அதாவது உறுதியாகச் சொல்ல முடியாது, என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. பஸ் வந்ததும் போனதும் தெரியாது.

முதலில் சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. 31 வருஷம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். கீழே வந்து "மருத்துவ ஆலோசனை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி" என்று எழுதப் போகிறவர்கள் இந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கவும். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது குதிக்காலில். ஒன்றரை வருஷம் அதைக் கால் ஆணி என்றே நினைத்து பிளாஸ்டர் ஒட்டினேன், கல்லில் உரைத்தேன், மாமி சொன்ன பூச்சும் பூசினேன். கறுப்பு ஓரத்தில் பரவி ஈரம் கசியத் தொடங்கிய பிறகுதான் காட்டினேன். "எங்கட நிறத்துக்கு இதெல்லாம் வராது, வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம்" என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வெயிலால் வருகிற வகை எங்களுக்குக் குறைவுதான். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிற வகைக்கு வெயிலோடு பெரிய சம்பந்தமில்லை. பாட்டுக்காரர் பொப் மார்லிக்கு வந்ததும் கால் பெருவிரல் நகத்தடியில். 1981இல் 36 வயதில் போனார். இதை எனக்கு ஆறுதல் சொல்ல வந்த மகன்தான் சொன்னான். ஆறுதல் சொல்லத் தெரியாத பிள்ளை.

2023 தையில் ஒப்பரேஷன். தடிப்பு 2.6 மில்லிமீட்டர். சுற்றிவர 2 சென்ரிமீட்டர் வெட்டி எடுத்து, தொடையில் தோல் எடுத்து ஒட்டினார்கள். பங்குனியில் பெட் ஸ்கேன், மருந்து ஏற்றி உடம்பில் எது அதை இழுக்கிறது என்று பார்க்கிற ஸ்கேன். அதில் இரண்டு விஷயம் வந்தது. வலது நுரையீரலின் அடியில் 5 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. இடது கவட்டில் ஒரு நெறி (நிணநீர்க்கணு), கொஞ்சம் பளிச்சென்று. எவ்வளவு பளிச்சென்று என்பதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் போட்டிருந்தது, 2.9 என்று.

கணக்கு ரீச்சரிடம் எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும்? மூன்று இரவு அந்த 2.9ஐத்தான் தேடினேன். 2.5க்கு மேலே என்றால் கூடாது என்று ஒரு இடம், அப்படி ஒரு கோடே இல்லை என்று இன்னொரு இடம். பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். ஏற்றுகிற மருந்து ஒரு வகைச் சீனி. புற்றுநோய் மட்டுமல்ல, ஆறிக்கொண்டிருக்கிற புண்ணும் கிருமியோடு மல்லுக்கட்டுகிற நெறியும் அதே சீனியை இழுக்கும். என் குதியில் ஒட்டிய தோல் அப்போது முழுதாகப் பிடிக்கவும் இல்லை. அந்தக் காலுக்குரிய நெறி கவட்டில்தான் இருக்கிறது, அது வேலை செய்யாமல் என்ன செய்யும்? 5 மில்லிமீட்டர்ப் புள்ளியைப் பற்றிப் பெட் ஸ்கேனிடம் கேட்பதே பிழை, அவ்வளவு சின்னது அதன் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது என்றார். ஆகவே அது பளிச்சிடவில்லை என்பதும் நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. கடைசியில் "பய வென்ன எப்பா மிஸ்" என்றார். பயப்பட வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் கேட்கும்போது ஏனோ கொஞ்சம் கூடுதலாகப் பயம் வருகிறது.

இதைக் கேட்கக் காத்திருந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? டொக்டரைப் பார்க்க சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, வைத்திருந்தது 6 மணிக்கு, நம்பர் 27, உள்ளே போனது 9.20க்கு. எந்த இடம் என்று எழுத மாட்டேன், கொழும்பில் எங்கே போனாலும் இதே கதைதானே. அது போகட்டும். வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. அந்த மாதம் முழுக்க லிஃப்ட் வேலை இல்லை. மாதாமாதம் மெயின்டனன்ஸ் காசு வாங்க மட்டும் கமிட்டி கதவைத் தட்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். குதியில் தோல் ஒட்டிய மனுஷி இரவு பத்தரைக்குக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுகிறேன், மூன்றாம் மாடியில் கமிட்டிக்காரர் கதவைத் திறந்து "ரீச்சர், இந்த மாதக் காசு..." என்கிறார். மெலனோமாவை மன்னித்தாலும் அவரை மன்னிக்க மாட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொசிட்டிவ்வாக யோசியுங்கள், தியானம் செய்யுங்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். செய்கிறவர்கள் செய்யட்டும், நானும் செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனவள்தான், சைவக்காரியாக இருந்துகொண்டே. ஆனால் எனக்கு உண்மையில் உதவியது கட்டில் மெத்தைக்குக் கீழே இருந்தது.

2019இல் இருமல் நிற்காமல் நெஞ்சுக்கு ஒரு சிரி (CT) ஸ்கேன் எடுத்திருந்தேன். அப்போது ஒன்றுமில்லை என்று சொன்னதால் மறந்தே போனேன். எங்கள் வீட்டில் எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எல்லாம் மடங்காமல் இருக்க மெத்தைக்குக் கீழேதான் வைப்போம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். விரிப்பு மாற்றும்போது இவர் அந்தப் பெரிய கவரை இழுத்தெடுத்து, "இதையும் காட்டினால் என்ன?" என்று கேட்டார். உள்ளே ஒரு சிடியும் இருந்தது, ஓரத்தில் கீறல். டொக்டர் அதைப் போட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மவுஸ் சில்லை உருட்டி உருட்டிக் கீழே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். அதே புள்ளி. அதே இடம். அதே அளவு. நாலு வருஷமாக அங்கேயே குந்தியிருந்திருக்கிறது. இருந்தும் 2019 ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை! எழுதும் அளவுக்கு அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை போல. ஆக, ரிப்போர்ட்டை மட்டும் பத்திரப்படுத்திப் படத்தை எறிகிறவர்கள் யோசிக்கவும்.

தனியொரு ஸ்கேனைப் பார்த்து ஒரு புள்ளி என்னவென்று சொல்ல ஏலாமல் இருக்கலாம். இரண்டு தேதியில் எடுத்த இரண்டு படம் இருந்தால் அது வளர்கிறதா, சும்மா இருக்கிறதா என்றாவது தெரியும். உங்களுக்கு 3 மாதம் சொன்னதும் இதற்குத்தான், உங்களை வதைக்க இல்லை. அதனால் வீட்டில் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். கோவிட் நேரம் எடுத்தது, வேலைக்குச் சேர எடுத்தது, எதுவானாலும். கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் தேடிப் போக்கலாம்.

அடுத்த ஸ்கேனில் 5 என்பது 6 ஆக வந்தால் உடனே விழுந்துவிடாதீர்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே கோட்டை அளக்கக் கொடுத்தால் ஒருவன் 4.9 என்பான், பக்கத்தில் இருப்பவள் 5.3 என்பாள், இருவரிடமும் அடிமட்டம் ஒன்றுதான். ஸ்கேனிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளக்கிற கைக்குள் அடங்கிவிடும்.

நெறி விஷயம் அப்படி முடியவில்லை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், 'செல் போதாது' என்று வந்தது. உறுதியில்லாததற்கு மேல் இன்னொரு உறுதியில்லாதது. அந்த நாட்களில் நான் செய்த மடைத்தனத்தையும் சொல்கிறேன், வெட்கமில்லை. குளிக்கும்போது, படுக்கும்போது, ரியூஷன் பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது மேசைக்கு அடியில் கையை விட்டு, அதை அமத்தி அமத்திப் பார்த்தேன். ஒரு கிழமையில் நோகத் தொடங்கியது. நோகிறது, வீங்குகிறது என்று அழுதுகொண்டு ஓடினால், டொக்டர் பார்த்துவிட்டு, "யார் இதை இப்படிப் பிசைந்தது?" என்றார். அதன்பிறகு ஞாயிறு காலை குளித்ததும் ஒரே ஒரு தடவை. கட்டங் கொப்பியில் தேதி போட்டு ஒரு வரி. மற்ற ஆறு நாளும் கை அந்தப் பக்கம் போகக்கூடாது.

அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் டொக்டரிடம் கேட்டு எழுதி வைத்தேன்: எது வந்தால் 3 மாதம் பார்க்காமல் வர வேண்டும்? தழும்பைச் சுற்றிப் புதிய கறுப்பு, நெறி கல்லுப்போல் ஆகிப் பெருப்பது, சளியில் ரத்தம், விடாத தலையிடி. உங்களுக்கு வேறு சொல்லலாம், கேட்டு எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்பி அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். நாலில் ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன். எல்லா இரவும் நித்திரை வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

யாருக்குச் சொல்வது என்பதிலும் கவனம். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அக்காவுக்குச் சொன்னேன். அடுத்த நாள் அவவின் குறூப்பில் 40 பேருக்குத் தெரியும். பச்சை மஞ்சள், முள்ளுச்சீத்தா இலை, ஒருவர் நாலாம் கட்டம் என்றே முடிவு செய்து எனக்காக நேர்த்தி வைத்துவிட்டார். அன்போடுதான், ஓம். ஆனால் ஒவ்வொருவருக்கும் 'இன்டிடர்மினேட்' என்றால் என்ன என்று விளங்கப்படுத்தி முடிக்கும்போது நானே அரை உயிர். அடுத்த தடவை இவருக்கும் மகனுக்கும் மட்டும்தான் தேதி சொன்னேன்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வேண்டுமென்று நாடு முழுக்கக் காசு சேர்த்தபோது நானும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உண்டியல் குலுக்கினேன். எனக்கே ஒருநாள் கையில் ஊசியோடு, கதைக்கக்கூடாது, அசையக்கூடாது என்று ஒரு மணித்தியாலம் போர்வைக்குள் கிடக்க வேண்டி வரும் என்று அப்போது யார் கண்டது.

இப்போது எப்படி என்று கேட்பீர்கள். நுரையீரல் புள்ளி அசையவில்லை. நெறி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஆனால் போகவில்லை, ரிப்போர்ட்டில் இன்னமும் 'தொடர்ந்து கவனிக்கவும்' என்றே எழுதுகிறார்கள். அடுத்த ஸ்கேன் இந்த மாதம் 19, காலை 7.30. முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும் நேரத்தோடு சாப்பிட்டால், பிறகு வெறும் தண்ணீர்தான். லிஃப்ட் வேலை செய்கிறது, இன்று பின்னேரம் வரைக்கும்.