வயதான அம்மாவுடன் பொலிவியா போகிறோம், நேராக லா பாஸில் இறங்கலாமா?

இறங்காதீர்கள். அம்மாவுக்கு 62 வயது, 14 நாள் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவோடு போனபோது எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். ஆண்டிஸ் மலைத்தொடரை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்தவர், ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பயண ஏற்பாடு செய்தவர் வயதைக்கூடக் கேட்காமல் லா பாஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அந்த ஊர் விமான நிலையம் எல் ஆல்டோவில், 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் அங்கே சுமார் 60 சதவீதம்தான் கிடைக்கும்.

முதல் ராத்திரியே அப்பாவுக்குத் தலைவலி, வாந்தி. படுத்தால் மூச்சு முட்டியது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் இந்த உபாதையை அங்கே சொரோச்சே என்கிறார்கள். விடுதிக்கார அம்மா கோகா இலை டீ போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். விடிந்ததும் வந்த டாக்டர் ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, உடனே கீழே அழைத்துப் போகச் சொன்னார். அன்றைக்கே சாந்தா குரூஸுக்கு விமானம் பிடித்தோம். அதுவும் பொலிவியாதான், ஆனால் உயரம் சுமார் 400 மீட்டர்தான். சாயங்காலம் அப்பா தானாகவே சாப்பாடு கேட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அப்புறம் சரியான வரிசையில் ஏறினோம். 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரேயில் நான்கு இரவு. அங்கிருந்து போத்தோசிக்கு பஸ். அது 4,000 மீட்டரைத் தாண்டிய ஊர் என்பதால் தங்காமல் உயுனிக்கு இறங்கிவிட்டோம். மழைக்காலம், அங்கிருக்கும் உப்புப் பாலைவனத்தின் மேல் மெல்லிய தண்ணீர். வானம் காலடியில் கிடந்தது. அப்பா அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. லா பாஸைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். அங்கே 2014 முதல் ரோப் கார்தான் நகரப் போக்குவரத்து மாதிரி ஓடுகிறது, வயதானவர்கள் அதிகம் மேடு ஏறவேண்டியதில்லை.

"நான் நேராக லா பாஸில்தான் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இங்கேயே சிலர் எழுதுவார்கள். இருக்கலாம், ஒவ்வொருவர் உடம்பு ஒரு மாதிரி. நான் டாக்டர் இல்லை. அம்மாவின் டாக்டரிடம், இந்த உபாதை வராமல் இருக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். கோகா இலையை ஊருக்கு எடுத்து வராதீர்கள், கோக்கெயின் தயாரிக்கும் இலை என்பதால் இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், வயதான மனுஷரை எதற்கு அங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனாய் என்று. அண்ணன் கூட்டிப் போயிருந்தால் பொறுப்பான பிள்ளை என்றிருப்பார்கள். மகள் செய்தால் அது திமிர். இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, சாலை மறியல் அங்கே அடிக்கடி நடக்கும். பஸ் ஓடாமல் போனால் சமாளிக்க இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் சாந்தா குரூஸுக்கே போடுங்கள்.