குளிர்ந்த காய்கறி சூப்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் தொடங்கியதிலிருந்து மதியச் சாப்பாடு இறங்கவே மாட்டேன் என்கிறது. ஸ்பெயினில் காய்களைப் பச்சையாக அரைத்து, குளிரவைத்து சூப்பாகக் குடிப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். அதேபோல வெள்ளரி, தக்காளியோடு சுரைக்காயையும் அரைத்து, மூன்று நாளைக்கு ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாமா? சளி பிடிக்குமா?
- வாசகி, வேலூர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சுரைக்காயை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்று நாள் வைப்பதும் வேண்டாம்.

நீங்கள் பார்த்தது கஸ்பாச்சோவாக இருக்கும். ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, பழைய ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் எல்லாம் சேர்த்து அரைத்துக் குடிப்பார்கள். அதில் சுரைக்காய் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

சுரைக்காயிலும் வெள்ளரியிலும் சில சமயம் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு அதிகமாகிவிடும். கசக்கும் சுரைக்காயின் பச்சைச் சாற்றைக் குடித்தவர்களுக்கு ரத்த வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலர் இறந்தும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து எச்சரித்திருக்கிறது. வேகவைத்தாலும் இந்த நச்சு போகும் என்று நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை நறுக்கி வாயில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் துப்பிவிட்டு, அந்தக் காயைத் தூக்கிப் போடுங்கள். உப்பு, எலுமிச்சை சேர்த்துச் சமாளிக்கவே கூடாது. குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு இப்படிச் செய்யலாம். அரை கிலோ இளம் சுரைக்காய், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் சீரகம், மூன்று டம்ளர் தண்ணீர். குக்கரில் குழைய வேகவைத்து, ஆறியதும் அரைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தபின் ஒரு கப் புளிக்காத தயிர், மிளகுத்தூள், கொத்தமல்லி சேர்க்கலாம். நான்கு பேருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். பருப்பையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள். சாப்பாடு குறைந்த வயதானவருக்கு வெறும் காய்த்தண்ணீர் பத்தாது, புரதம் வேண்டும்.

ஆறவைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொதித்தாலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. ஆழமான பாத்திரத்தில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தாலும் நடுப்பகுதி சீக்கிரம் குளிராது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தட்டில் வைத்துக் கிளறிவிடுங்கள். சூடு தணிந்ததும் மூடி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மறுநாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கிடந்துவிட்டால் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் வெள்ளரி, தக்காளியைப் பச்சையாக அரைத்துக் குடிக்க ஆசைப்பட்டால், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளரித் தோலைச் சீவிவிடுங்கள். அரைக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். கடை ஐஸ் கட்டியைச் சேர்க்காதீர்கள். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் அசுத்தத் தண்ணீர் வழியாகத்தான் அதிகம் வருகின்றன.

சளிக்குக் காரணம் வைரஸ், குளிர்ந்த சூப் அல்ல. பல் கூச்சம் இருந்தால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை மாத்திரைகளைப் பற்றித்தான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோறில்லாமல் சூப் மட்டும் குடித்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சோதிக்கக் கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். விழுங்க முடியாத நிலையில் எதையும் வாயில் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சூப்போடு இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்ச்சோறோ கட்டாயம் இருக்கட்டும்.

ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் உள்ள தக்காளி சூப், இளநீர், பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பு எல்லாமே ஆபத்தாகலாம். நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்கோ வெயிலில் அழுத்தம் குறைந்து தலைசுற்றும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இந்த வாரமே மாத்திரைச் சீட்டோடு அம்மாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போய், சாப்பாடு குறைந்திருப்பதைச் சொல்லி, ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.