கொலையாளியின் பெயர் தெரிந்தால் போதுமா?

கேள்வி: விடுமுறையில் மூன்று நாவல்கள் படித்தேன். அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ வாசகரை ஏமாற்றும் மோசடி. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலில் கொலை செய்தது யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் மீதிப் புத்தகம் எதற்கு? உம்பர்ட்டோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ நூறு பக்கத்தைக்கூடத் தாண்டவிடவில்லை. பெரிய பெயர் வாங்கியவர்களுக்கே மர்மக் கதை எழுதத் தெரியவில்லையா? அடுத்து எதைத்தான் படிப்பது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதம் இதைவிட நீளம். முதல் நாவலின் கொலையாளி பெயரையும் இரண்டாவதன் முடிவையும் அதில் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலர் அந்தப் புத்தகங்களை இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பிடிக்காமல் போனது அவர்களுக்குப் பிடிக்கலாம். அந்த வாய்ப்பைக் கெடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

சரி, ‘மோசடி’க்கு வருகிறேன். 1925-ல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வந்து 1926-ல் புத்தகமானது அந்த நாவல். வந்த புதிதிலேயே உங்களைப் போலக் கோபப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு டோரதி சேயர்ஸ் பதில் எழுதினார். அவரும் துப்பறியும் நாவலாசிரியர்தான். தேவையான தகவல்கள் அனைத்தும் கதையிலேயே இருக்கின்றன, எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை என்பது அவர் வாதம். நான் அவர் கட்சி. மோசடி என்று சொன்னால் எந்தத் தடயத்தை ஆசிரியர் நம்மிடமிருந்து ஒளித்தார் என்று காட்ட வேண்டும். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. நீங்கள் நினைக்காத ஆள் கொலையாளியாகிவிட்டார் என்ற ஒரே காரணம்தான் இருக்கிறது.

அந்த நாற்காலியை நினைத்துப் பாருங்கள். அக்ராய்ட் கொலையுண்டு கிடந்த அறையில் ஒரு பெரிய நாற்காலி சற்று முன்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. பிறகு பார்த்தால் பழைய இடத்துக்குப் போயிருந்தது. வீட்டு பட்லர் பார்க்கர் இதைச் சொல்கிறார். மற்றவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதையின் துப்பறிவாளர் பாய்ரோ மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறார். இன்னொன்று, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அக்ராய்டின் குரல் கேட்டதாக ஒருவர் சொல்லும் இடம். காதில் விழுந்த வாக்கியம் அப்படியே அச்சாகியிருக்கிறது. எவ்வளவு விறைப்பான வாக்கியம் அது! எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது அப்படிப் பேசுவார்களா? பாய்ரோவுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. நமக்கும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தது அத்தனையும் நமக்கும் தெரியும். இதை மோசடி என்றால் நேர்மை என்று எதைச் சொல்வது?

இன்னொரு சாட்சியும் உண்டு. 1930-ல் இங்கிலாந்தின் துப்பறியும் எழுத்தாளர்கள் சேர்ந்து ‘டிடெக்‌ஷன் கிளப்’ என்ற மன்றத்தை ஆரம்பித்தார்கள். முக்கியமான தடயத்தை வாசகரிடம் மறைக்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துத்தான் அதில் சேர வேண்டும். கிறிஸ்டி அதன் தொடக்ககால உறுப்பினர். பிற்பாடு அதன் தலைவராகவும் இருந்தார்.

ஹிகாஷினோ விஷயத்தில் உங்கள் கேள்வியே தடம் மாறிவிட்டது. கொலையாளியை முதலிலேயே காட்டிவிட்டு எப்படிப் பிடிபடுகிறார் என்று சொல்லிப் போகும் முறை புதிதல்ல. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே அப்படிக் கதைகள் எழுதித் தொகுப்பாக வெளியிட்டார். ஹிகாஷினோ 2005-ல் அதற்கு மேல் ஒரு படி போனார். மகளோடு வாழும் யாசுகோ, தொல்லை கொடுக்க வந்த முன்னாள் கணவனைக் கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பின் மேல்தான் ஹிகாஷினோ கதையைக் கட்டியிருக்கிறார்.

அதையும் ஒளிவுமறைவில்லாமல் செய்கிறார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் இஷிகாமி, தான் பரீட்சைக்குக் கேள்வி தயாரிக்கும் விதத்தைச் சொல்வார். பார்த்தால் வடிவியல் கணக்கு மாதிரி இருக்கும். உண்மையில் அது இயற்கணிதக் கணக்கு. வழக்கமான வழியில் முட்டிக்கொண்டிருக்கும் மாணவன் மாட்டிக்கொள்வான். முழு நாவலின் சாவியையும் ஆசிரியர் இந்த இடத்தில் நம் கையில் கொடுத்துவிடுகிறார். நீங்கள் அதை ஒரு வாத்தியாரின் பரீட்சைப் பேச்சு என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். இஷிகாமி வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போகும் முதல் சில பக்கங்களையாவது மறுபடி படியுங்கள். முடிவு தெரிந்தபின் அவை வேறு பக்கங்களாக இருக்கும். இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

எக்கோவிடம் உங்களுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த நூறு பக்கத்தைச் சுருக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பாளர்களும் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். கதை நடக்கும் மடாலயத்துக்குள் வர விரும்புகிறவர் அதன் நடைக்குப் பழகித்தான் ஆக வேண்டும் என்று காரணமும் எழுதினார். கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். பாதியில் மூடி வைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் பாதியில் மூடிய புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’. 1799-ல் ஆங்கிலேயப் படை திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது கொள்ளை போகும் ஒரு வைரத்தில் ஆரம்பிக்கிறது கதை. அது இங்கிலாந்தில் ஒரு வீட்டில் திருட்டுப் போகிறது. நடந்ததைப் பல பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை மட்டும். எடுத்தது யார் என்பதற்கு ஒரு பதில் கதை முடிய வெகு முன்பே கிடைத்துவிடும். கதை உண்மையில் சூடு பிடிப்பது அதற்கு அப்புறம்தான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடாமல் கடைசிவரை படித்துவிட்டு எழுதுங்கள்.