புதிய காரும் விளம்பர மைலேஜும்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். லிட்டருக்கு 22 கி.மீ. தரும் என்றார்கள், நகருக்குள் 14-ஐத் தாண்டவில்லை. வண்டியில் கோளாறா?
– வாசகர், மதுரை.

பதில்: கோளாறு என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். விளம்பரத்தில் காணும் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி, ஏ.சி.யை அணைத்துவிட்டு, முன்பே வகுத்த வேகங்களில் அளக்கப்படுவது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று, இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து செல்லும் தங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. (மாசி வீதிகளில் 14 கிடைப்பதே பெரிது என்பேன்.) டாஷ்போர்டு காட்டும் கணக்கை மட்டும் நம்பாமல், டேங்கை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்க்கில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். டயரின் காற்றையும் வண்டி சூடேறுமுன் சரிபாருங்கள். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டியும் 14-தான் வருமானால், அப்போது சர்வீஸ் மையத்தில் காட்டுங்கள்.